1995 ஹைலக்ஸா, 1998 எல்200ஆ: வயலுக்கு எந்தக் கெப் நல்லது?

கிளிநொச்சி வயலுக்கு, மாரிச் சேற்றில ஓட, டொயோட்டா 2.8 டீசல் ஹைலக்ஸா, மிட்சுபிஷி 2.5 டர்போ டீசல் எல்200ஆ எண்டு கேட்டிருக்கிறீங்கள். சேறுதான் முக்கியமெண்டால் நான் ஹைலக்ஸ் பக்கம். அந்த ஹைலக்ஸுக்கு (எல்என்106 மொடல்) முன்னாலும் ரெண்டு சில்லையும் சேர்க்கிற முழு அச்சு, பட்டை ஸ்பிரிங். உடம்பு குலுங்கும், டர்போ இல்லாததால் ஏத்தத்தில முனகும். ஆனா ஊர்க் கராஜிலயே எல்லாம் திருத்தலாம்.

எல்200 ஓட சொகுசு. அதின்ர 4டி56 எஞ்சினில டைமிங் பெல்ட்டோட, அதிர்வைக் குறைக்கிற பலன்ஸ் சாஃப்டுக்கும் ஒரு சின்னப் பெல்ட் இருக்கு. அந்தச் சின்னன் அறுந்து பெரிசுக்குள்ள சிக்கினால் எஞ்சின் ஹெட்டுக்கே சேதம். ரெண்டும் எப்ப மாத்தினது எண்டு கேளுங்கோ. பில் இல்லையெண்டால் மாத்துற காசை விலையில கழியுங்கோ.

இதெல்லாத்துக்கும் முதல் பாக்கவேண்டியது செசி, அதாவது வண்டியின்ர அடிச்சட்டம். கீழ படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டுற இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கோ. 'டங்' எண்டால் சரி, 'பொத்' எண்டால் கறள். புதுக் கறுப்புப் பெயின்ற் அடிச்ச ஒண்டில எனக்குச் சுத்தியல் உள்ளயே போட்டுது!

ஹைலக்ஸில முன் சில்லு நடுவில இருக்கிற ஹப்பைக் கையால 'லொக்'குக்குத் திருப்பிப்போட்டு, மண்ணில ஓட்டிப் பாருங்கோ. அதைத் திருப்பாமல் உள்ளுக்குள்ள நாலு சில்லு (4x4) லீவரை மட்டும் போட்டால் முன் சில்லு இழுக்காது.