வீட்டுத் தோட்டத்தில் குண்டுமல்லி: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): செடி வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆள் உயரம் வளர்ந்து தழைத்து நிற்கிறது. பூ மட்டும் இல்லை. உரம் போதவில்லையா?

பதில்: பெரும்பாலும் உரக்குறை காரணமன்று. கவாத்து செய்யாததும் (பழைய கிளைகளை வெட்டிவிடாததும்) வெயில் போதாததுமே காரணங்கள். குண்டுமல்லி புதிதாகத் துளிர்க்கும் கிளைகளின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய பழைய கிளை வெறும் இலையைச் சுமந்துகொண்டு நிற்கும். ஆகவே நவம்பர் கடைசி வாரத்தில், அதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு, அதாவது 45 முதல் 50 செ.மீ. வரை விட்டு, செடி முழுவதையும் வெட்டிவிடுங்கள். காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கட்டும். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினால் தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும், கிளையும் பிளக்காது. எஞ்சிய இலைகளையும் உருவிவிடுவது வயல்களில் உள்ள வழக்கம். பார்ப்பதற்குச் செடி மொட்டையாகத் தெரியும். வீட்டில் உள்ளவர்கள் மனம் பதறித் தடுப்பார்கள். தயங்க வேண்டாம், தை, மாசியில் அதே குச்சிகள் துளிர்த்து, பங்குனியில் மொட்டு வைக்கத் தொடங்கும்.

வெயிலைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடியாகப் பட வேண்டும். மா மரத்தடியிலோ மதில் நிழலிலோ வைத்த செடிக்கு எந்த உரமும் உதவாது.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் வீட்டு முல்லைக்கும் பிச்சிக்கும் அதே மாதத்தில்தான் கவாத்தா?

பதில்: இல்லை. பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் வெட்ட வேண்டும். உயரம் ஏறக்குறைய அதேதான்.

கேள்வி (சென்னை): மாடியில் தொட்டியில் வளருமா?

பதில்: நன்றாகவே வளரும். வாய் அகலமும் ஆழமும் ஒன்றரை அடி உள்ள தொட்டியாகப் பாருங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். அடியில் துளை அடைபடாமல் ஓட்டுத் துண்டு வையுங்கள். வேரில் தண்ணீர் தேங்குவதை மல்லி பொறுக்காது. கோடையில் மாடித் தொட்டிக்குத் தினமும் காலையில் தண்ணீர் தேவைப்படும். மற்ற காலங்களில் மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி (கோவை): மொட்டுகள் ஊதா நிறமாகிக் காய்ந்து உதிர்கின்றன. வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை.

பதில்: மொட்டின் அடிப்பகுதி சற்று வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிரித்தால், உள்ளே மிகச் சிறிய வெளிறிய புழுக்கள் நெளிவது தெரியும். இது மொட்டு ஈயின் வேலை. இந்தப் புழு மொட்டைத் தின்று முடித்ததும் மண்ணில் விழுந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழும்பும். இலை மேல் மருந்து தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டால் மண்ணில் உள்ளவை தப்பிவிடுகின்றன. ஊதா மொட்டுகளைத் தினமும் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள். செடியடியில் போடவே கூடாது. செடியைச் சுற்றி மேல்மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் காய விடுங்கள். மொட்டு விடத் தொடங்கும்போதே ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளிப்பது நல்லது.

மொட்டில் ஓட்டை விழுந்து, பல மொட்டுகள் நூலால் பின்னியதுபோல் ஒட்டியிருந்தால் அது மொட்டுப்புழு. கொத்தோடு பறித்து அழிப்பதே வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற வழி.

கேள்வி (சேலம்): இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

பதில்: இது இரும்புச்சத்துக் குறைவு, சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்பு நீர் பாயும் இடத்திலும் அடிக்கடி வரும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலைகளில் தெளியுங்கள். அடியிலைகள் மட்டும் மஞ்சளானால் முதலில் வடிகாலைச் சோதியுங்கள்.

கேள்வி (ஈரோடு): யூரியா போடலாமா?

பதில்: அளவு மீறினால் இலைதான் பெருகும். வயலில் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தலா 120 கிராம் எனப் பரிந்துரைக்கிறார்கள்; இதைக் கவாத்து முடிந்ததும் பாதியும், ஜூன், ஜூலையில் மீதியுமாகப் பிரித்து இடுகிறார்கள். மணியும் சாம்பலும் இரு மடங்கு என்ற அந்த விகிதத்தை மனத்தில் கொண்டு, தொட்டிச் செடிக்கு மிகக் குறைவாக இடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மதுரை மல்லி நாற்று என்று வாங்கினால் மதுரைப் பூவே கிடைக்குமா?

பதில்: மதுரைப் பகுதித் தோட்டங்களுக்கே நாற்று இராமநாதபுரம் மாவட்டத் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான் பெருமளவில் போகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தடித்த இதழுக்கும் நீடித்த மணத்துக்கும் மதுரை மண்ணும் வெயிலும் பெரும் காரணம். உங்கள் வீட்டில் மலர்வது சற்று வேறாக இருக்கலாம். ஆனாலும் அன்று பறித்த மொட்டின் மணத்துக்குக் கடைப்பூ ஈடாகாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (மதுரை): அம்மா வீட்டுப் பழைய செடியிலிருந்து புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். விதை கிடைக்குமா?

பதில்: குண்டுமல்லி பொதுவாக விதை பிடிப்பதில்லை; பதியம் போடுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏற்ற காலம். தரையோரமாகத் தாழ்ந்த, அரைகுறையாக முற்றிய கிளையை வளைத்து, ஒரு கணுவின் கீழே பட்டையை லேசாகச் சீவி, அந்த இடத்தை மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். நுனி வெளியே நிமிர்ந்திருக்கட்டும். மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்திருக்கும். இழுத்துப் பார்க்காமல் மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்து, வேர் வெள்ளையாகத் திரண்டிருந்தால் மட்டும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்தெடுங்கள்.