பில் மைத்துனர் பெயரில், ரம்பம் உங்கள் வீட்டில்

கேள்வி: பதினெட்டு ஆண்டுகள் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அது மூடப்பட்டபின் வீட்டிலேயே மரத்தில் பெயர்ப்பலகை செய்து விற்கிறேன். மனைவி உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருகிறாள். வேறு வருமானம் இல்லை. ஏழு மாதங்களுக்கு முன் இணைய வணிகத் தளம் ஒன்றில் ரூ.18,500 கொடுத்து, மெல்லிய பிளேடால் வளைவுகளை வெட்டும் ஸ்க்ரோல் ரம்பம் வாங்கினேன். முனைகளில் குறுக்கு ஊசி உள்ள பிளேடு, ஊசி இல்லாத பிளேடு இரண்டும் பொருந்தும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்த இயந்திரத்தில் ஊசி உள்ள பிளேடு மட்டுமே பொருந்தியது. திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு, ஊசியில்லாப் பிளேடைப் பிடிக்க ரூ.600-க்கு வெளியில் ஒரு கவ்வி வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் நாளிலிருந்தே இயந்திரம் அதிர்கிறது, பிளேடு அடிக்கடி உடைகிறது, வெட்டு வலப்பக்கம் இழுக்கிறது. மூன்றாம் மாதம் மேல் கவ்வியின் திருகில் மரை போய்விட்டது. ஐந்தாம் மாதம் மோட்டார் உறுமுகிறதே தவிர ஓடவில்லை. ஓராண்டு வாரண்டி உண்டு. ஆனால், "தொழிலுக்குப் பயன்படுத்தினீர்கள், வேறு பாகம் மாட்டினீர்கள், எண்ணெய் விடவில்லை" என்று சர்வீஸ் மையத்தில் கைவிரித்துவிட்டார்கள். ஜி.எஸ்.டி. பில் என் மைத்துனரின் ஹார்டுவேர் கடைப் பெயரில் இருக்கிறது. ஆயுத பூஜை ஆர்டர்கள் கைவிட்டுப் போனதற்கும் சேர்த்து இரண்டு லட்சம் இழப்பீடு கேட்கலாமா?
- விருதுநகர் மாவட்ட வாசகர்

பதில்: இரண்டு லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஆறு புகார்கள் இருக்கின்றன. ஆறையும் நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மகிழ்ச்சியோடு பலவீனமான மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு உங்களைக் குறுக்கு விசாரிப்பார். என் வீட்டு மொட்டை மாடி அறையிலும் இப்படி ஒரு ரம்பம் இருக்கிறது. பேரனுக்குப் பொம்மை வெட்டுவதாகச் சொல்லி வாங்கியது; உண்மையில் எனக்காக. அதனால் எது இயந்திரத்தின் குறை, எது நாம் அதை அமைத்த விதத்தின் குறை என்று கொஞ்சம் தெரியும்.

வெட்டு வலப்பக்கம் இழுப்பது குறையே அல்ல. இந்தப் பிளேடுகளைச் செய்யும்போது ஒரு பக்க விளிம்பில் மட்டும் மெல்லிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூர்மை அதிகம் என்பதால் வெட்டு அங்கே சாயும். பலகையைச் சற்றுத் திருப்பிப் பிடித்துத் தள்ளினால் கோடு நேராக வரும். பிளேடு உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் இறுக்கம் போதாமை, மழுங்கியதை மாற்றாமை, அவசரப்பட்டுத் தள்ளுதல். பூட்டிய பிளேடை வீணைத் தந்தியைப் போலச் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். தொப்பென்று கேட்டால் இறுக்கம் போதாது. மேலும் பிளேடு தேய்மானப் பொருள். பொதுவாக வாரண்டியில் வராது. அதிர்வு பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இயந்திரம் பிளாஸ்டிக் மேசை மேல் நிற்கிறது! அந்தப் படத்தை நீங்களே ஆவணமாகத் தாக்கல் செய்தால் எதிர்த்தரப்புக்கு வேறு சாட்சி தேவையில்லை. கனமான மர மேசையில், அடியில் ரப்பர் கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கியிருக்க வேண்டிய இயந்திரம் அது.

ஆக, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். மிச்சம் மூன்று: விளம்பரத்தில் சொன்னது பொருளில் இல்லை, கவ்வியின் மரை போனது, மோட்டார் நின்றது.

இவற்றில் உங்களுக்கு மிகவும் வலுவானது நீங்கள் போகிற போக்கில் எழுதிய விளம்பரம்தான். பெயர்ப்பலகைக்காரருக்கு ஊசியில்லாப் பிளேடு ஏன் தேவை என்பதை ஆணையத்துக்கு விளக்க வேண்டும். 'ண', 'ஞ', 'இ' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் வெட்ட, முதலில் துளையிட்டு அதன் வழியே பிளேடை நுழைக்க வேண்டும். ஊசியில்லாப் பிளேடு என்றால் மெல்லிய துளை போதும். குறுக்கு ஊசி இருந்தால் அந்த ஊசி நுழையுமளவு பெரிய துளை போட வேண்டும். சிறிய எழுத்தில் சுழியே காணாமல் போய்விடும். ஆகவே அந்த வாசகத்தை நம்பித்தான் வாங்கினீர்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15-இன்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். 2020-இன் மின்வணிக விதிகளும், விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன.

அப்போதே திருப்பி அனுப்பாமல் வைத்துப் பயன்படுத்தியதைச் சுட்டிக்காட்டி, பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்பார்கள். அது வெறும் சாக்கு அல்ல. ஏற்றுக்கொண்ட பொருளைப் பின்னர் நிராகரிப்பது கடினம். ஆனால் இழப்பீடு கேட்கும் உரிமை அதனால் போய்விடாது. அதோடு, வெளிக்கவ்வி மாட்டியதைக் காட்டி அவர்கள் வாரண்டியை மறுக்கும்போது, "நீங்கள் தருவதாகச் சொன்னதைத் தந்திருந்தால் நான் ஏன் வெளியில் வாங்குகிறேன்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. மரை போனதற்கு அந்தக் கவ்விதான் காரணம் என்று நிறுவனம் வாதிடலாம். மோட்டார் நின்றதற்கும் கவ்விக்கும் என்ன தொடர்பு என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே அந்த விளம்பரப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். இணையப் பக்கங்கள் ஓசையில்லாமல் திருத்தப்படும். உங்கள் ஆர்டர் விவரத்தில் பழைய வாசகம் இருந்தால் அதையும் சேமியுங்கள். படங்கள் உள்ள கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாட்சிய அதிநியமம் (சாட்சியச் சட்டம்), பிரிவு 63-இன்கீழ் சான்றிதழ் இணைக்கும்படி கேட்கப்படலாம்.

அடுத்து, "தொழிலுக்குப் பயன்படுத்தினீர்கள்" என்ற வாதம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் இல்லை என்கிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காகவே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்கிறது. லக்ஷ்மி என்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. அதில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார். ஆனாலும் தீர்ப்பில் சொன்ன உதாரணங்கள் உங்களுக்காக எழுதியவை போல இருக்கும். பிழைப்புக்காகக் கடைசல் இயந்திரம் வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கினால் இல்லை. உப்புத்தாள் தேய்க்கும் உங்கள் மனைவியால் உங்கள் உரிமைக்குக் கேடில்லை.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நீங்கள் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் என்பதாலேயே வாரண்டி அட்டையில் உள்ள "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்ற வரி அழிந்துவிடாது. இரண்டும் வேறு கேள்விகள். நியாயமற்ற ஒப்பந்தம் என்று அந்த வரியையே ரத்து செய்யக் கேட்க வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், ரூ.18,500-க்கு அந்த வழி வேண்டாம். மாவட்ட ஆணையத்தில் வேறு விதமாக வாதிடுங்கள்: அந்த அட்டை பெட்டிக்குள் இருந்தது, பணம் கட்டும் முன் எனக்குக் காட்டப்படவில்லை, சட்டத்தில் 'குறைபாடு' என்பது வெளிப்படையான ஒப்பந்தத்தை மட்டுமல்ல, உட்கிடையான ஒப்பந்தத்தையும், விற்றவர் சொன்ன தரத்தையும் வைத்து அளக்கப்படுகிறது.

இப்போது உங்கள் மைத்துனர். இதுதான் எனக்குக் கவலை. பில் கடைப் பெயரில் இருப்பது மட்டும் பெரிய தடையல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர் என்று பிரிவு 2(7) சொல்கிறது. பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் அந்த வங்கி அறிக்கையை இணையுங்கள். ஆனால் அந்தக் கடை இந்த பில்லுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்திருந்தால், அதாவது பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருந்தால், "இது எங்கள் வியாபாரத்துக்கு வாங்கியது" என்று அரசிடம் எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். பிறகு ஆணையத்தில் வந்து, "பிழைப்புக்காக என் மாமா வாங்கியது" என்று அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் எது உண்மை என்று கேட்பார்கள். கடையின் வியாபாரத்தில் பயன்படாத பொருளுக்கு எடுத்த சலுகை எப்படியும் தவறுதான். அவருடைய கணக்காளரிடம் கேட்டு, எடுத்திருந்தால் வட்டியோடு திருப்பிச் செலுத்திவிட்டு, அதன் பிறகு மனுவைத் தயாரியுங்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிக்கு ஆசைப்பட்டு வழக்கையே அடகு வைத்திருக்கிறீர்கள் என்று மைத்துனரிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

எண்ணெய் விடவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு, விட்டேன் என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. எண்ணெய் வாங்கிய ரசீது, பிளேடு வாங்கிய பில்கள், வேலை செய்யும்போது வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய வீடியோக்கள் என்று கிடைப்பதைத் திரட்டுங்கள். மோட்டாரைக் கழற்றிப் பார்க்கவே பார்க்காதீர்கள். பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன், "கேப்பாசிட்டர்தான் போயிருக்கும், பத்து நிமிட வேலை" என்பார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் மூடியைத் திறந்த நிமிடத்தோடு உங்கள் சான்றும் போய்விடும். பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெற ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38 அதிகாரம் தருகிறது. கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். மனுவோடு அதற்கும் விண்ணப்பம் போடுங்கள். வாயால் மறுத்த சர்வீஸ் மையத்திடம் எழுத்தில் காரணம் கேளுங்கள்; தரமாட்டார்கள் என்றால் நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, "இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று பதிவு செய்யுங்கள்.

நடைமுறை எளிது. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும் என்பது விதி. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் விற்பனையாளர், இறக்குமதி செய்தவர், தளம், சர்வீஸ் மையம் ஆகிய எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பிவிட்டு மாவட்ட ஆணையத்தில் மனு. இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். பெட்டியை எடைக்குப் போட்டுவிடவில்லையே? விற்றவர் வடக்கே எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 2019-இன் சட்டம் தந்த பெரிய வசதி இது. ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள்; உதவி எண்ணில் புகார் கொடுத்துக் காத்திருப்பதால் அந்தக் காலம் நிற்காது.

இரண்டு லட்சத்துக்கு வருவோம். பொருள் விளைவித்த தீங்குக்கான தனிப் பொறுப்பு பற்றிச் சட்டத்தில் ஒரு பகுதியே உண்டு. ஆனால் பொருளுக்கே ஏற்பட்ட சேதமும் வணிக இழப்பும் அந்தத் 'தீங்கு' என்ற சொல்லுக்குள் வராது. உடைந்த பிளேடு கண்ணில் பட்டிருந்தால் கதை வேறு. (கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.) தவிர, ஆயுத பூஜை ஆர்டர்களில் லட்சக்கணக்கில் லாபம் போயிற்று என்று நீங்களே எழுதினால், பிழைப்புக்காக வெட்டுகிறேன் என்ற உங்கள் முதல் வாதத்தை நீங்களே வெட்டுகிறீர்கள். இயந்திரத்தின் விலை வட்டியோடு திரும்ப அல்லது விளம்பரத்தில் சொன்னபடி உள்ள மாற்று இயந்திரம், கவ்விக்குச் செலவிட்ட ரூ.600, மன உளைச்சலுக்குப் பத்தாயிரம் போல ஒரு தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு கேளுங்கள்.

மாற்று இயந்திரம் வந்தால் பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். மூலைமட்டம் வைத்து மேசைக்கும் பிளேடுக்கும் இடையே செங்கோணம் பாருங்கள். சந்தேகமிருந்தால் ஒரு தடித்த கட்டையில் லேசாக ஒரு கீறல் வெட்டி, கட்டையைப் பிளேடுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்பி வையுங்கள். அதே கீறலில் பிளேடு இலகுவாக உட்கார்ந்தால் மேசை சரி. உட்காராவிட்டால் மேசையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எழுதிப் போடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எண்ணெய் விட்ட தேதி, தூசி தட்டிய தேதி, பிளேடு மாற்றிய தேதி எல்லாம் குறித்து வாருங்கள். மேசை மட்டும் மரத்தில் இருக்கட்டும்.