கியர்பாக்ஸ் செலவைக் குறைக்கச் சொன்னால் எங்கே கை வைப்பது?

கேள்வி: கார்களுக்கான ஐந்து வேக மேனுவல் கியர்பாக்ஸ் வடிவமைப்புக் குழுவில் இருக்கிறேன். ஏற்கெனவே உற்பத்தியில் இருக்கும் ஒரு மாடலின் செலவை 8 சதவீதம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொள்முதல் பிரிவினர் மலிவான எஃகு, மலிவான பேரிங் என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டார்கள். மேலாளரோ 'வேல்யூ இன்ஜினியரிங் பண்ணுங்கள்' என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? தரம் கெடாமல் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டும் வேறு வேறு. 'இந்தப் பாகத்தை இன்னும் மலிவாக யார் தருவார்?' என்பது கொள்முதல் பிரிவின் கேள்வி. 'இந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது? அந்த வேலைக்கு நாம் எவ்வளவு செலவழிக்கிறோம்?' என்பது வேல்யூ இன்ஜினியரிங்கின் கேள்வி. முதல் கேள்வியில் பாகம் அப்படியே இருக்கும், விலை மட்டும் இறங்கும். இரண்டாவதில் பாகமே காணாமல் போகலாம்.

இந்த முறை பிறந்ததே தட்டுப்பாட்டில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குக் கேட்ட பொருள் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. அப்படி மாற்றியவற்றில் சில, பழையதைவிட மலிவாகவும் நன்றாகவும் அமைந்துவிட்டன. அங்கே கொள்முதல் பிரிவில் இருந்த லாரன்ஸ் மைல்ஸ் 1947 வாக்கில் இதை ஒரு முறையாகத் தொகுத்தார். ஆமாம், கொள்முதல் பிரிவில் இருந்தவர்தான். அடுத்த கூட்டத்தில் உங்கள் கொள்முதல் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இணக்கம் பிறக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 8 சதவீதத்தை எல்லாப் பாகத்துக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொருவரும் தம் பாகத்தைக் கொஞ்சம் மெலிதாக்கி, கொஞ்சம் மட்டமாக்கிக் கணக்கை முடித்துவிடுவார்கள். கியர்பாக்ஸில் பணம் சீராகப் பரவிக் கிடப்பதில்லை, சில இடங்களில் குவிந்து கிடக்கிறது. குவியல் எங்கே என்று பார்க்கத்தான் வேலைவாரியான கணக்கு.

ஒவ்வொரு பாகத்தின் வேலையையும் ஒரு பெயர்ச்சொல், ஒரு வினைச்சொல் என இரண்டே சொல்லில் எழுதுங்கள். ஹவுசிங்குக்கு, அதாவது வெளிக்கூட்டுக்கு, 'கியரை மூடு' என்று எழுதினால் பாதி கிணறு தாண்டிய கதைதான். ஷாஃப்டைத் தாங்கு, எண்ணெயைத் தடு, சத்தத்தை அடக்கு, வெப்பத்தை வெளியேற்று என்று நான்கு வேலையாவது வரும். அப்புறம் பாகங்களை இடப்பக்கமும் வேலைகளை மேலேயும் வைத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு பாகத்தின் செலவையும் அது செய்யும் வேலைகளுக்குப் பிரித்து எழுதுங்கள். துல்லியம் வேண்டாம், ஒப்புக்கொள்ளக்கூடிய ஊகம் போதும். கட்டத்தின் அடியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் வியப்பு வரும். 'விசையைக் கடத்து' என்பதற்காகத்தான் கியர்பாக்ஸே இருக்கிறது. ஆனால் 'இடைவெளியைச் சரிசெய்', 'பாகத்தைப் பிடித்துவை' போன்ற துணை வேலைகள் தின்னும் தொகை, யாரும் நினைத்திராத அளவுக்கு இருக்கும். நான் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஷிம்மை எடுத்துக்கொள்வோம். இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் விசை உள்ளே வரும் தண்டு) இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்கில், அதாவது கூம்பு உருளை பேரிங்கில், நிற்கிறது என்று வையுங்கள். அவற்றுக்குச் சரியான முன்னழுத்தம் (ஆட்டம் இல்லாமல் முன்கூட்டியே தரும் அழுத்தம்) தர, ஒவ்வொரு கியர்பாக்ஸையும் அளந்து, பல தடிமன்களில் அடுக்கி வைத்திருக்கும் ஷிம்களில் பொருத்தமானதைத் தேர்ந்து போடுகிறார்கள். ஷிம் ஒரு மெல்லிய வளையம். பாகப் பட்டியலில் அதன் விலை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அளக்கும் நிலையம், அதன் பராமரிப்பு, அத்தனை தடிமன்களின் இருப்பு, தவறான ஷிம் விழுந்தால் பிரித்து மீண்டும் கோர்க்கும் வேலை? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இன்னொரு சங்கடமும் அதில் இருக்கிறது. ஹவுசிங் அலுமினியம், ஷாஃப்ட் எஃகு. ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், எஃகு சுமார் 12 மைக்ரான்தான். பேரிங்குகளுக்கு இடையே 200 மி.மீ. இருந்து, வெப்பம் 80 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.18 மி.மீ. ஆகச் சூட்டில் முன்னழுத்தம் தளரும். அதை ஈடுகட்டக் குளிரில் அதிகமாக அழுத்தி வைத்தால் பேரிங் இழுவை கூடி எரிபொருளைத் தின்னும். ஒரு முனையில் அச்சுத் திசையை நிலைநிறுத்தும் பால் பேரிங், மறுமுனையில் நீண்டு சுருங்க இடம் தரும் சிலிண்ட்ரிகல் ரோலர் பேரிங் என்று மாற்றினால் 'முன்னழுத்தத்தைச் சரிசெய்' என்ற வேலையே போய்விடும். ஹெலிகல் கியர் (சாய்ந்த பல் கொண்டது) தரும் அச்சு விசையை அந்தப் பால் பேரிங் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பகுதி) நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே டேப்பர் தரும் விறைப்பு தேவைப்படுகிறது.

அடுத்து எஃகு. கொள்முதல் பிரிவின் பட்டியலில் முதலில் இருப்பதும் இதுதானே. மலிவான எஃகு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. உங்கள் டிராயிங்கில் நிக்கல் கலந்த உயர் ரகம் இருந்து, கியர்கள் சிறியவையாக இருந்தால், அவ்வளவு ஆழம்வரை கடினமாகும் எஃகு அந்தப் பருமனுக்குத் தேவையா என்று கேட்கலாம். மாங்கனீஸ்-குரோமியம் எஃகே பல கார் கியர்களுக்குப் போதும். ஆனால் நான் பணத்தைத் தேடும் இடம் எஃகின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு வரி: கார்புரைசிங் ஆழம். பரப்பு கடினமாக, உலையில் கார்பனை எவ்வளவு ஆழம் ஊறவிடுகிறோம் என்பது.

டிராயிங்கில் 0.7 முதல் 1.0 மி.மீ. என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாட்யூல், அதாவது பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு, 2. ஏன் இந்த ஆழம் என்று கேளுங்கள். பெரும்பாலும் 'பழைய டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது' என்ற பதில் வரும். அந்தப் பழைய டிராயிங், பெரிய பல் கொண்ட வேறொரு வண்டியின் கியராகவும் இருக்கலாம். பல்லின் வேர் வளைந்து முறியாமல் இருக்க, மாட்யூலில் 0.1 முதல் 0.2 பங்கு வரை ஆழம் என்பது பொதுவான வழிகாட்டல். அதாவது இங்கே 0.2 முதல் 0.4 மி.மீ. பல்லின் முகத்தில் குழி விழாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்பது தொடு அழுத்தக் கணக்கில் தனியாக வரும். பெரும்பாலும் அதுதான் கூடுதலாக இருக்கும். அது 0.5 என்று வந்தால், 0.5 முதல் 0.7 வரை என்று டிராயிங்கை மாற்ற இடமிருக்கிறது.

இதில் என்ன லாபம்? கார்பன் உள்ளே ஊறும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சராசரி ஆழத்தை 0.85இலிருந்து 0.6க்குக் கொண்டுவந்தால் ஊறும் நேரம் பாதியாகிறது. சூடேற்றவும் குளிர்விக்கவும் ஆகும் நேரம் குறையாது, ஆனாலும் உலையின் கொள்ளளவு நன்றாகவே உயரும். கூடவே இன்னொன்று: உலையில் குறைந்த நேரம் இருந்த கியரின் கோணலும் குறையும். கோணல் குறைந்தால் கிரைண்டிங்குக்கு (கடினமான பல்லைத் தேய்த்துச் சரியான வடிவுக்குக் கொண்டுவருவதற்கு) விடும் கூடுதல் தடிமனைக் குறைக்கலாம். மெல்லிய பல் நுனியில் இரு பக்கமிருந்தும் கார்பன் ஏறி நொறுங்கும் தன்மை வருவதும் குறையும். செலவும் இறங்குகிறது, கியரும் நன்றாகிறது. வேல்யூ இன்ஜினியரிங் என்று நான் சொல்ல விரும்புவது இந்த மாதிரி மாற்றத்தைத்தான்.

ஃபைனல் டிரைவ் ரிங் கியரை (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய வளையப் பற்சக்கரம்) டிஃபரன்ஷியல் கேஸோடு பிடித்து வைப்பது எப்படி என்றும் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு போல்ட் என்றால் அத்தனை துளை, அத்தனை மரை, உயர்தர போல்ட்டுகள், ஒவ்வொன்றையும் அளந்து முறுக்கும் கருவி. போல்ட் தலைக்கு இடம் விட கேஸின் விளிம்பும் தடிக்க வேண்டும். லேசர் வெல்டிங்குக்கு மாறினால் இவை எல்லாம் போய், எடையும் கணிசமாகக் குறையும். பல உற்பத்தியாளர்கள் இந்த வழிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் இது இனாம் இல்லை. கார்பன் ஏறிய பரப்பில் வெல்டிங் செய்தால் விரிசல் விடும். அந்த இடத்தை முன்பே மறைக்க வேண்டும், அல்லது கடினப்படுத்திய பிறகு கடைந்து எடுக்க வேண்டும். கேஸ் வார்ப்பிரும்பு என்றால் நிக்கல் கலந்த நிரப்பு உலோகம் தேவைப்படும். வெல்டிங் இணைப்பைச் சோதிக்க அல்ட்ராசோனிக் நிலையம் வேண்டும். பிற்பாடு ரிங் கியரை மட்டும் தனியாக மாற்ற முடியாது. உற்பத்தி எண்ணிக்கை பெரிதாக இருந்தால் இயந்திரத்தின் முதலீடு திரும்பி வரும். சிறிதாக இருந்தால் போல்ட்டே இருக்கட்டும்.

ஷிஃப்ட் ஃபோர்க்கை (கியர் மாற்றும் கவை) வார்ப்பிலிருந்து அழுத்தி உருவாக்கும் தகடாக மாற்றுவது, பேப்பர் கேஸ்கெட்டுக்குப் பதில் திரவ சீலன்ட், சிங்க்ரோனைசர் ஹப்பை (கியர் மாற்றும்போது வேகத்தை இணக்கும் அமைப்பின் நடுப்பாகம்) பொடி உலோகத்தில் செய்வது இவை எல்லாம் நன்றாகப் பழகிய வழிகள். உங்களிடம் இன்னும் செய்யப்படாமல் இருந்தால் முதல் வாரத்திலேயே பட்டியலில் சேருங்கள், அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை.

சரி, எதைத் தொடக்கூடாது? இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எல்லா கியருக்கும் கிரைண்டிங் எதற்கு என்று ஆரம்பித்தோம். ரிவர்ஸ் கியரில் கிரைண்டிங்கை எடுத்தது முற்றிலும் சரி. அது நேர்ப்பல், கொஞ்ச தூரம்தான் ஓடும், முனகினாலும் ஓட்டுநர் பொருட்படுத்தமாட்டார். அந்தத் தைரியத்தில் நான்காவது கியரிலும் கிரைண்டிங்கை எடுத்துவிட்டு ஷேவிங்கோடு (வெப்பச் சிகிச்சைக்கு முன்பே பல்லை மெல்லச் சீவுவது) நிறுத்தினோம். பாகங்கள் எல்லாம் டிராயிங் அளவுக்குள்தான் இருந்தன. சோதனை ஓட்டுநர் திரும்பி வந்து, 'மூவாயிரத்தில் ஒரு விசில் கேட்கிறது' என்றார். அந்த இன்புட் கியருக்கு 31 பல். 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. 31 பல்லால் பெருக்கினால் 1550 ஹெர்ட்ஸ். மனிதக் காது கூர்மையாகப் பிடிக்கும் இடம். பதிவைப் பார்த்தால் சரியாக அங்கேதான் ஒரு முகடு நின்றது. வெப்பச் சிகிச்சையில் வந்த கோணல் பல்லின் வடிவத்தை மைக்ரான் கணக்கில் மாற்றிவிட்டது. கிரைண்டிங்குக்கு 'பல்லைச் சீராக்கு' என்று மட்டும் எழுதியிருந்தோம். 'சத்தத்தை அடக்கு' என்ற வேலையை எழுதவே இல்லை. எழுதாத வேலைக்கு மதிப்பு பூஜ்யம் என்று கணக்குக் காட்டியது, நாங்களும் நம்பினோம்.

அதனால் கியர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் கியரும் ரிவர்ஸும் பெரிய விசையைத் தாங்கினாலும் ஓடும் நேரம் குறைவு; அங்கே வலிமை முக்கியம், பரப்பின் நேர்த்தியில் தளர்வு காட்டலாம். மேல் கியர்களில் விசை குறைவு, ஓடும் நேரம் அதிகம். அங்கே துல்லியத்தைத் தளர்த்தாதீர்கள். எல்லா கியருக்கும் ஒரே துல்லிய வகுப்பு போட்டிருக்கும் டிராயிங்கைக் கண்டால், அதை வரைந்தவர் யோசிக்கவில்லை என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

சேமிப்பைக் கணக்கிடும்போது சோதனைச் செலவையும் கழியுங்கள். ஹவுசிங்கில் வலுவூட்டும் ஒரு விலாவை (ரிப்) நகர்த்தினாலும் ரிக் சோதனை (சோதனைமேடையில் ஓட்டிப் பார்ப்பது), வாகனச் சோதனை என்று மாதங்கள் போகும். சிறு சிறு மாற்றங்களைத் தனித்தனியாகச் சோதிக்காமல் ஒரே தொகுப்பாகச் சேர்த்துச் சோதித்தால் மிச்சம். தோல்வி வந்தால் எது காரணம் என்று பிரிப்பது கடினமாகும் என்பதையும் தெரிந்தே செய்யுங்கள். கியர் பல் சம்பந்தப்பட்டதை மட்டும் நான் எப்போதும் தனியாக வைப்பேன்.

முதல் கூட்டத்தை ஸ்லைடு காட்டி நடத்த வேண்டாம். ஒரு கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்து நீள மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு பாகத்திலும் அதன் செலவு எழுதிய அட்டையைக் கட்டுங்கள். வடிவமைப்பு, கொள்முதல், அசெம்பிளி லைன் மேற்பார்வையாளர், சர்வீஸ் ஆள் என எல்லோரும் சுற்றி நின்று கையில் எடுத்துப் பார்க்கட்டும். முக்கியமான சப்ளையர்களையும் கூப்பிடுங்கள். அவர்களிடம் விலையைப் பேசாமல், 'இந்த டிராயிங்கில் எது உங்களுக்குத் தொந்தரவு?' என்று மட்டும் கேளுங்கள். ஒருமுறை இப்படிக் கேட்டபோது, டை காஸ்டிங் (உருக்கிய உலோகத்தை அச்சில் செலுத்தி வார்ப்பது) செய்பவர் ஹவுசிங்கின் மேல் மூலையில் சாய்வாக இருந்த ஒரு துளையைக் காட்டினார். அந்த ஒரு துளைக்காக அச்சில் பக்கவாட்டில் நகரும் தனிப் பாகம், அதாவது ஸ்லைடு, ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது காற்றுப்போக்கிக் குழாய் செருகும் துளை. எண்ணெய் தெறிக்காத உயரத்தில் இருந்தால் போதும், சாய்வுக்கு எந்தத் தேவையும் இல்லை. அச்சு திறக்கும் திசைக்கு அதைத் திருப்பினோம், ஸ்லைடு போனது.