வோல்ட்டேஜைக் கூட்டாதீர்கள், கொக்கியைச் சுரண்டுங்கள்

இரும்பு அலமாரிச் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எலெக்ட்ரோஸ்டேடிக் பெல் மெஷின் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினோம். சட்டத்தின் விளிம்புகளில் பெயிண்ட் தடித்து வழிகிறது. உள்மூலைகளில் இரும்பு அப்படியே தெரிகிறது. டச்-அப் பார்க்கும் பையனுக்கு அடிக்கடி சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. விற்றவரோ, 70 கிலோவோல்ட்டை 90 ஆக்குங்கள், இல்லையென்றால் தண்ணீர் பெயிண்டுக்கு மாறுங்கள் என்கிறார். எதைச் செய்வது?"

இரண்டையும் செய்யாதீர்கள். முதலில் மெஷினை நிறுத்துங்கள். பையனுக்கு அடிக்கும் ஷாக் சில்லறை விஷயமில்லை. தின்னர் ஆவி பற்றிக்கொள்ள கால் மில்லிஜூல் அளவுக்கு ஒரு பொறி இருந்தால் போதும். கையில் சுள்ளென்று உறைக்கிற பொறியில் அதைவிட அதிகம் இருக்கும். இதுவரை பற்றாதது அதிர்ஷ்டம்தான்.

பெல் என்பது அதிவேகத்தில் சுழலும் ஒரு சிறு கிண்ணம். நடுவில் விடும் பெயிண்ட் மெல்லிய படலமாக விரிந்து, விளிம்பில் நூல் நூலாகப் பிரிந்து, நுண்துளிகளாக அறுபடும். அப்போதே துளிகளில் மின்னேற்றமும் ஏறிவிடும். எதிரே இருக்கும் இரும்பு எர்த் ஆகியிருந்தால் துளிகள் அதைத் தேடிப் போய், பின்பக்கம் வரைகூட வளைந்து ஒட்டும். எர்த் இல்லையென்றால் இரும்பே மின்னேற்றம் கொண்டு, அடுத்து வரும் துளிகளைத் தள்ளிவிடும். அப்புறம் யார் அதைத் தொட்டாலும் அவர் வழியாகத்தான் அந்த மின்சாரம் இறங்கும்.

உங்கள் கொக்கிகளைக் கழற்றிப் பாருங்கள். அடித்த பெயிண்ட் எல்லாம் அடுக்கடுக்காகக் காய்ந்து, சட்டம் தொங்கும் வளைவில் ஓடு கட்டியிருக்கும். அந்த ஓடு நல்ல இன்சுலேட்டர். மெஷினின் உடம்புக்கும் தரைக்கும் எவ்வளவு தடித்த எர்த் கம்பி போட்டிருந்தாலும், சட்டத்தைப் பொறுத்தவரை அது இல்லாத மாதிரிதான். 500 வோல்ட் மெக்கரை (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) எடுத்து, ஒரு முனையைச் சட்டத்தின் வெறும் இரும்பிலும் இன்னொன்றை எர்த்திலும் வையுங்கள். ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால் அந்தக் கொக்கி ஆகாது. மல்டிமீட்டரை நம்பாதீர்கள், அதன் வோல்ட்டேஜ் இதற்குப் போதாது. அளக்கும்போது பெயிண்ட், தின்னர் எதுவும் திறந்திருக்கக் கூடாது, பெயிண்ட் அடிக்கும் பூத்தில் ஆவியும் இருக்கக் கூடாது. கொக்கியைச் சுரண்டி, தொடும் இடத்தைக் கூராக வைத்துக்கொண்டால் மெல்லிய படலத்தைக் கிழித்துக்கொண்டு இரும்பைப் பிடிக்கும்.

பையன் ரப்பர் செருப்பும் முழு ரப்பர் கையுறையும் போட்டிருந்தால் சட்டத்தைப் போல அவன் உடம்பும் மின்னேற்றம் கொள்ளும். மின்சாரம் கடத்தும் அடிப்பாகமுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். அவன் கையிலுள்ள சாதாரண ஸ்ப்ரே கன்னும் எர்த் ஆகியிருக்க வேண்டும்.

எர்த் சான்றிதழ் தருகிறவர்கள் எர்த் குழியையும் மெஷின் உடம்பையும் அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கொக்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே மீட்டர் வைத்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆபத்து இருக்கும் இடமே அதுதான், ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது! சரக்கு வாங்குகிறவர்களும் தட்டையான முகப்பில் மட்டும் பெயிண்ட் தடிமனுக்கு மைக்ரான் கணக்குப் பார்க்கிறார்கள். துரு பிடிப்பதோ உள்மூலையில்.

சரி, மூலைக்கு வருவோம். மின்புலம் விளிம்புகளில் குவியும், குழிவான இடத்துக்குள் நுழையாது. வோல்ட்டேஜைக் கூட்டினால் விளிம்பு இன்னும் தடிக்கும், மூலை இன்னும் வெறுமையாகும். ஆகவே 70-லிருந்து படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். பெல்லைச் சுற்றி வரும் காற்றைக் கொஞ்சம் கூட்டினால் துளிகள் உள்ளே தள்ளப்படும். பெல்லுக்கும் சட்டத்துக்கும் 25 முதல் 30 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். அப்படியும் ஆழமான மூலை முழுதாக நிரம்பாது. டச்-அப்பைக் கடைசியில் வைக்காமல் முதலில் வையுங்கள்: மூலைகளைச் சாதாரண கன்னால் அடித்துவிட்டு, அப்புறம் பெல்லுக்கு அனுப்புங்கள். பையனுக்கும் பெல் பக்கம் நெருங்கும் வேலை இருக்காது.

தண்ணீர் பெயிண்ட் யோசனைதான் எனக்குப் பெரிய கவலை. தண்ணீர் பெயிண்ட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பெல்லுக்குக் கொடுக்கும் உயர் மின்னழுத்தம் பெயிண்ட் குழாய் வழியாகவே திரும்பி ஓடி டிரம்முக்கு வந்துவிடும். டிரம் எர்த் ஆகியிருந்தால் பெல்லில் மின்னழுத்தமே நிற்காது, மெஷின் சும்மா சுழலும். அதற்குத்தான் டிரம்மை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வையுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வைத்தால் என்ன ஆகும்? டிரம், பம்ப், அதற்குள் இருக்கும் பெயிண்ட் எல்லாம் 70 கிலோவோல்ட்டில் நிற்கும். மூடியைத் திறக்கப் போகிறவர் மேல் மொத்தமும் ஒரே அடியாக இறங்கும். பையனுக்கு இப்போது அடிப்பது அதற்கு முன் ஒன்றுமேயில்லை. தண்ணீர் பெயிண்டை முறையாக அடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, டிரம்மைக் கூண்டுக்குள் வைத்து, கதவைத் திறந்தால் மின்சாரம் துண்டித்து டிரம்மை எர்த் செய்யும் அமைப்பு. மற்றொன்று, பெயிண்டில் மின்சாரம் படாமல் வெளியே நிற்கும் ஊசிகளால் துளிகளுக்கு மின்னேற்றும் பெல். உங்கள் மெஷினில் இவை இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

செகண்ட்ஹேண்ட் என்பதால் கிண்ணத்தையும் பாருங்கள். விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டினால் சிறு கீறல்கூடத் தட்டுப்படும். அந்த இடத்தில் பெரிய துளிகள் பிய்ந்து வரும். கடைந்து சரிசெய்த கிண்ணத்தை வாங்காதீர்கள், சமநிலை தவறினால் காற்றில் மிதந்து சுழலும் பேரிங் போய்விடும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் வந்தாலும் அதே கதிதான். நிமிடத்துக்கு 40,000 சுற்று என்று விற்றவர் சொன்னது பெயிண்ட் விடாமல் அளந்ததாக இருக்கலாம். பெயிண்ட் ஓடும்போது எத்தனை சுற்று நிற்கிறது என்று உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள்.