மசில்லோடரில் மான் வேட்டை: எந்தக் குண்டு போடுவது? (கேள்வி பதில்)

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வழக்கமான துப்பாக்கிப் பருவத்தோடு மசில்லோடருக்கென்று தனியாகச் சில நாட்கள் ஒதுக்குகிறார்கள். பேரலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அதன் மேல் குண்டைத் திணித்துச் சுடும் துப்பாக்கி இது. இந்தப் பருவத்துக்குத் தயாராகும் நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இங்கே.

ஒஹாயோவிலிருந்து: அண்ணா, .50 காலிபர் (பேரல் துளை அரை அங்குலம்) இன்லைன் (மருந்துக்கு நேர் பின்னால் தீப்பற்றும் புதுப்பாணி மசில்லோடர்) ஒன்று வாங்கினேன். கடையில் உருண்டைக் குண்டு, நீளமான ஈயக்குண்டு, பிளாஸ்டிக் உறை போட்டது என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். மானுக்கு எது நல்லது?

முதலில் பேரலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் தம்பி. உங்களுடையது இன்லைன் என்பதால் பெரும்பாலும் 1:28 என்று இருக்கும். பேரலுக்குள் திருகாக வெட்டியிருக்கும் வரிகள் 28 அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்று பொருள். நீளமான குண்டு தலைகுப்புறப் புரளாமல் போக வேகமான சுழற்சி வேண்டும். உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சியே போதும். பழைய பாணித் துப்பாக்கிகளில் 1:60, 1:66 என்றெல்லாம் வருவது அதனால்தான்.

ஆக, உங்களுக்குச் சேபோதான் சரி. பிளாஸ்டிக் உறைக்குள் .44 அல்லது .45 அளவுக் குண்டு உட்கார்ந்திருக்கும். வரிகளைப் பிடிப்பது உறை. வாயைத் தாண்டியதும் அது கழன்று விழ, குண்டு மட்டும் போகும். 240 முதல் 300 கிரெய்ன் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன்) எடைக்குள் எடுங்கள். ஹார்னடி எக்ஸ்டிபி போன்ற செம்பு உறை போட்ட ஈயக்குண்டு வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும். முழுச் செம்பில் பார்ன்ஸ் நிறுவனத்துடையது கிடைக்கும், விலை கூடுதல். கலிபோர்னியாவில் வேட்டையாடுகிறவர்களுக்கு வேறு வழியில்லை; 2019 ஜூலையிலிருந்து அங்கே வேட்டைக்கு ஈயமே கூடாது, மசில்லோடருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி, 50 கெஜத்தில் மும்மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான் உங்கள் குண்டு. பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்குவது வீண்செலவு.

பென்சில்வேனியாவிலிருந்து: பழைய ஹாக்கன் பாணித் துப்பாக்கி கைக்கு வந்திருக்கிறது, .50 காலிபர், 1:48. இதற்கும் சேபோவா சார்?

1:48 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உருண்டையும் போகும், குட்டையான ஈயக்குண்டும் போகும். சேபோ சில துப்பாக்கிகளில் ஒத்துவரும், பலவற்றில் சிதறும். நான் என்றால் .490 அங்குல உருண்டையை எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றிப் போடுவேன். எடை சுமார் 177 கிரெய்ன். சுத்தமான மெதுஈயமாக இருக்க வேண்டும். சுட்ட பிறகு முன்னால் விழுந்து கிடக்கும் துணியைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஓரம் பிசிறியிருந்தாலும் வட்டம் முழுசாக இருந்தால் சரி. நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிசு, அல்லது மருந்து அதிகம்.

ஒன்று கவனம்: உருண்டை 100 கெஜம் போவதற்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். 60, 70 கெஜத்துக்குள் சுடுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் உங்கள் மாநிலத்து ஃபிளிண்ட்லாக் (சக்கிமுக்கிக்கல் உரசித் தீப்பற்றும் துப்பாக்கி) பருவத்துக்குப் போவதாக இருந்தால், தொப்பி (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோகக் கிண்ணம்) வைத்துச் சுடும் ஹாக்கன் அங்கே செல்லாது. சக்கிமுக்கிக்கல் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சிகனிலிருந்து: 150 கிரெய்ன் மருந்து போட்டால்தான் மான் விழும் என்கிறான் நண்பன். உண்மையா?

இல்லை. 100 கிரெய்ன் மருந்தில் 250 கிரெய்ன் சேபோ நொடிக்கு 1,700 அடிக்குக் குறையாமல் போகும். மானுக்கு அது போதும். அதற்கு மேல் போடப் போட உதையும் புகையும்தான் கூடும், பல துப்பாக்கிகளில் குறியும் கெடும். இந்தக் கிரெய்ன் கணக்கு கொள்ளளவில். தராசில் நிறுத்துப் போடுவதில்லை. டிரிபிள் செவன் (கருமருந்துக்குப் பதிலாகப் போடும் ஒரு மருந்து) என்றால் கருமருந்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைக்க வேண்டும். சாதாரண ரைஃபிள் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். பேரல் வெடித்துக் கையோ கண்ணோ போய்விடும்.

கொலராடோவிலிருந்து: இங்கே மசில்லோடர் பருவத்தில் சேபோ கூடாது என்கிறார்களே?

ஆமாம், கூடாது. உருளை உருளையாக வரும் மாத்திரை மருந்தும் கூடாது, துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கியும் கூடாது. உருண்டையைச் சுற்றும் துணியைச் சேபோவாகக் கணக்கில் எடுப்பதில்லை. 1:28 பேரலுக்கு முழு ஈய நீளக்குண்டு எடுங்கள். ஐடஹோவிலும் இதே மாதிரி கெடுபிடி உண்டு. விதிகள் மாறக்கூடியவை, குண்டு வாங்கும் முன் அந்த வருடத்துக் கையேட்டைப் புரட்டிவிடுங்கள்.

டெக்சாஸிலிருந்து: எங்க ஊர்ப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் போட்டுச் சுடுவார்கள். இதிலும் போட்டால் என்ன அண்ணே?

எஃகு உருண்டை வரிகளைச் சுரண்டிப் பேரலைப் பாழாக்கிவிடும். விரியவும் விரியாது, மான் காயத்தோடு ஓடி எங்கேயாவது கிடந்து சாகும். ஊரில் அப்படிச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான்.

விஸ்கான்சினிலிருந்து: முதல் குண்டு சரியாகப் போகிறது. மூன்றாவது குண்டை உள்ளே இறக்கவே முடியவில்லை, குறியும் தப்புகிறது.

கரி படிந்திருக்கிறது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் ஒரு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி விட்டு எடுங்கள். இதில் குறியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. குண்டு பாதியில் சிக்கி, மருந்துக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் பேரல் புடைக்கலாம், வெடிக்கலாம். அதனால் சுத்தமான பேரலில் சரியாக நிரப்பியதும், ராம்ராட் (குண்டை உள்ளே தள்ளும் கம்பி) பேரல் வாயோடு சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கோடு வெளியே தெரிந்தால் குண்டு அடிவரை போகவில்லை. அப்போது சுடக்கூடாது.

ஜார்ஜியாவிலிருந்து: 150 கெஜத்தில் சுடலாமா?

100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த சேபோ 150இல் ஏறத்தாழ அரை அடி இறங்கிவிடும். மானின் நெஞ்சுக்கூட்டில் நீங்கள் பிடிக்க வேண்டிய வட்டமே எட்டு அங்குலம்தான். அந்தத் தூரத்தில் நன்றாகப் பழகியிருந்தால் சுடுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள். மறுகுண்டு நிரப்ப அரை நிமிடமாவது ஆகும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலைப் பாருங்கள். புகை கண்ணை மறைக்கும் என்பதால், சுடும் முன்பே மான் நின்ற இடத்தில் ஒரு மரத்தையோ கல்லையோ மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மினசோட்டாவிலிருந்து: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈயக்குண்டு பட்ட கறியைக் கொடுக்கலாமா?

உங்கள் மாநில இயற்கைவளத் துறையே 2008இல் கறியில் ஈயத் துகள் எவ்வளவு சிதறுகிறது என்று செம்மறி ஆட்டு உடல்களில் சுட்டுப் பார்த்தது. வேகமாக விரியும் ரைஃபிள் குண்டைவிட மசில்லோடரில் துகள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குண்டு போன வழியைச் சுற்றிக் கறியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். தண்ணீர் விட்டு அலசாதீர்கள், துகள் மற்ற இடத்துக்கும் பரவும். பிள்ளைகளும் கர்ப்பிணியும் சாப்பிடும் வீடு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், முழுச் செம்புக் குண்டுதான். ஆனால் ஈயத்துக்குச் சரிசெய்த குறி செம்புக்கு அப்படியே பொருந்தாது. பருவம் தொடங்கும் முன் மறுபடி சுட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.