குறுக்குவில் அம்பை நிறுத்தும் இலக்கு: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கிறேன். விநாடிக்கு 350 அடி வேகம் தரும் குறுக்குவில் (கிராஸ்போ) வாங்கியிருக்கிறேன். அம்பு 20 அங்குல நீளம், 400 கிரெய்ன் எடை. நண்பரின் பண்ணையில் வைக்கோல் கட்டை இலக்காக வைத்துப் பழகினால் அம்பு மறுபுறம் போய் விழுகிறது. நல்ல இலக்கை வீட்டிலேயே செய்ய முடியுமா? இலையுதிர்கால மான் வேட்டைக்கு முன் அகன்ற அலகுள்ள பிராட்ஹெட் முனையிலும் பழக வேண்டும். இரண்டுக்கும் ஒரே இலக்கு போதுமா?

பதில்: செய்ய முடியும். ஆனால் ஒரே இலக்கு இரண்டுக்கும் போதாது. சாதாரண பயிற்சி முனைக்குத் துணி அடைத்த சாக்கு, பிராட்ஹெட்டுக்கு நுரை அடுக்கு என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதே சரி. முதலாவதை வீட்டிலேயே செய்யுங்கள். இரண்டாவதை வாங்குவது நல்லது.

முதலில் வைக்கோல் ஏன் தோற்றது என்று பார்ப்போம். 400 கிரெய்ன் என்பது ஏறக்குறைய 26 கிராம். அது விநாடிக்கு 107 மீட்டர் வேகத்தில் போகும்போது சுமார் 147 ஜூல் ஆற்றலைச் சுமந்து செல்கிறது. 40 பவுண்டு இழுவையுள்ள சாதாரண ரிகர்வ் வில்லின் (நுனிகள் முன்னோக்கி வளைந்த கைவில்) அம்பில் இருப்பது 35 ஜூல் அளவுதான். வைக்கோல் இலக்கு அந்த வில்லுக்கு ஏற்றது. நான்கு மடங்கு ஆற்றலை அது தாங்காது. போதாததற்கு, பண்ணையில் கிடைக்கும் கட்டுகள் தீவனத்துக்காகக் கட்டப்பட்டவை, இலக்குக்காக இறுக்கப்பட்டவை அல்ல.

அம்பை நிறுத்துவது இலக்கின் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிறுத்துவது உராய்வு. அம்பு உள்ளே போகப் போக, அதன் தண்டைச் சுற்றியுள்ள பொருள் நான்கு பக்கமும் இறுகப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. மரப்பலகை, மணல் மூட்டை போன்ற கடினமான பொருள்கள் அம்பைச் சில சென்டிமீட்டருக்குள் நிறுத்திவிடும். அந்த அதிர்ச்சியில் முனையைத் தாங்கும் உலோகச் செருகி தண்டுக்குள் அமுங்கும், கார்பன் இழையாலான தண்டு நீளவாக்கில் கீறும். பழைய டயர் அதைவிட மோசம், அம்பைத் திருப்பி எய்தவர் பக்கமே எறிந்துவிடும். தெர்மாகோல் பொடிந்துபோகும், உராய்வுச் சூட்டில் உருகித் தண்டிலும் ஒட்டும். இவற்றில் எதுவும் வேண்டாம்.

எவ்வளவு கனம் வேண்டும் என்பதை உங்கள் அம்பே சொல்லும். 20 அங்குலம் என்றால் 51 செ.மீ. பின்பக்கம் இறகும், நாணில் பொருந்தும் கடைசித் துண்டான நாக்கும் சேர்ந்து 12 செ.மீ. அளவுக்கு இடம் பிடிக்கும். அந்தப் பகுதி இலக்குக்குள் போகக் கூடாது, போனால் இறகு பிய்ந்துவிடும். ஆகவே அம்பு 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். இலக்கின் கனம் குறைந்தது 40 செ.மீ. இருந்தால்தான் முனை பின்பக்கம் எட்டிப்பார்க்காது.

இனி சாக்கு இலக்கு. 60, 70 கிலோ காப்பிக்கொட்டை வரும் பெரிய சணல் சாக்குகள் இரண்டு எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றைப் போடுங்கள். காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் கடைகளில் கேட்டால் காலிச் சாக்கு கிடைக்கும். நிரம்பிய சாக்கு ஏறத்தாழ உருளையாக, நடுவில் 40 முதல் 45 செ.மீ. கனத்தோடு நிற்கும். இதை இறுக நிரப்ப 25 முதல் 30 கிலோ பழந்துணி தேவைப்படும். கேட்கப் பெரிய அளவாகத் தோன்றினாலும் குறைக்காதீர்கள். வீட்டில் செய்த இலக்குகள் தோற்பதற்கு முதல் காரணம் துணி போதாமைதான்.

டி-ஷர்ட், படுக்கை விரிப்பு, துண்டு, கம்பளிப் போர்வை எல்லாம் நன்றாக வேலை செய்யும். பொத்தான், ஜிப், கொக்கி, ஜீன்ஸில் இருக்கும் உலோகக் குமிழ் ஆகியவற்றை ஒன்று விடாமல் வெட்டி எடுத்துவிடுங்கள். அம்பு ஒரு ஜிப்பில் பட்டாலே தண்டில் கீறல் விழலாம், வெளியே இருந்து பார்த்தால் காரணமும் தெரியாது. தலையணைப் பஞ்சு, மெத்தை ஸ்பாஞ்ச் இரண்டும் உதவாது, அவை தண்டைப் பிடிக்காமல் விலகிக்கொள்ளும். தரைக் கம்பளத்தையும் தவிர்க்கலாம். அதன் அடியிலுள்ள பசையும் சிக்கியிருக்கும் மண்ணும் தண்டைத் தேய்க்கும்.

துணிகளைப் பந்தாகச் சுருட்டித் திணிக்காமல் தட்டையாக விரித்து அடுக்குங்கள். ஒவ்வொரு 10, 15 செ.மீ. உயரத்துக்கும் ஒரு கட்டையால் நன்றாகக் குத்தி இறுக்குங்கள். மூலைகளுக்குச் சின்னத் துண்டுகள் பயன்படும். சாக்கின் வாயைக் கனமான நைலான் நூலால் தைத்து, இரண்டு நாள் நிற்க விட்டுப் பாருங்கள். துணி தானாகவே கொஞ்சம் இறங்கி மேலே குழி விழும். தையலைப் பிரித்து அந்த இடத்தையும் நிரப்பி மறுபடி தைக்க வேண்டும். இந்த இரண்டாவது நிரப்பலை விட்டுவிட்டால் மேல்பகுதியில் படும் அம்பு நேராக வெளியே போய்விடும். கட்டைவிரலால் அழுத்தினால் சாக்கு ஒரு செ.மீ.க்கு மேல் உள்வாங்கக் கூடாது.

உருளை வடிவத்துக்கு ஒரு குறை உண்டு, ஓரத்துக்குப் போகப் போக கனம் குறையும். ஆகையால் குறிகளை நடுவிலுள்ள 20 செ.மீ. அகலப் பட்டைக்குள்ளேயே வரையுங்கள். ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப எய்யவும் வேண்டாம். 20 மீட்டரில் குறுக்குவில்லின் துல்லியம் அதிகம், இரண்டாவது அம்பு முதல் அம்பின் நாக்கைப் பிளந்துவிடும். 15 செ.மீ. இடைவெளி விட்டு நான்கு புள்ளிகள் வைத்து, புள்ளிக்கு ஓர் அம்பு மட்டும் எய்து எடுத்துவிடுங்கள். சாக்கின் ஒரே இடம் சீக்கிரம் தளர்வதையும் இது தடுக்கும்.

முதல் சோதனையை 10 மீட்டரிலிருந்து, ஒரே ஓர் அம்பால் செய்யுங்கள். முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தண்டில் ஒரு காகித நாடா ஒட்டிக்கொண்டால் போதும். நாடா வெளியே தெரிந்தால் சாக்கு சரி, உள்ளே மறைந்தால் இன்னும் துணி வேண்டும். பிறகும் அவ்வப்போது இதையே பாருங்கள். நாடா மறையத் தொடங்கும் நாளில் சாக்கைப் பிரித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும்.

பிராட்ஹெட்டை இந்தச் சாக்கில் எய்யவே கூடாது. அலகு சணலைக் கிழிக்கும், துணி அலகைச் சுற்றிக்கொள்ளும், இழுக்கும் கை வெட்டுப்படும். அதற்கு நெருக்கமான பாலித்தீன் அல்லது ஈ.வி.ஏ. நுரைத் தாள்களை அடுக்கி இறுக்கிய இலக்கு தேவை. இதையும் செய்யலாம். 60 செ.மீ. சதுரத் தாள்களை 70 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, மேலும் கீழும் ஒட்டுப்பலகை வைத்து, பக்கவாட்டில் 12 மி.மீ. திருகுக் கம்பிகள் நான்கால் 60 செ.மீ. ஆகும்வரை இறுக்க வேண்டும். அம்பு தாள்களின் விளிம்புகளுக்கு இடையே புகும்படி இலக்கைத் திருப்பி வைப்பார்கள். ஆனால் ஒரே தரமான தாள்களை இவ்வளவு சேர்ப்பது சிரமம். கலப்படமாகச் சேர்த்தால் ஓர் இடத்தில் அம்பு நிற்கும், அடுத்த இடத்தில் கடந்து போகும். அதனால்தான் வாங்கச் சொல்கிறேன். அட்டையில் ‘பிராட்ஹெட்’ என்றும், வில்லின் வேகத்தைவிட உயர்ந்த எண்ணும் போட்டிருக்க வேண்டும். உங்களுக்கு விநாடிக்கு 400 அடியோ அதற்கு மேலோ பாருங்கள். முகப்பு 45 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் வேண்டாம்.

வேகமான அம்பு புகும்போது நுரை லேசாக உருகித் தண்டில் ஒட்டும். தண்டின் முன்பகுதியில் உலர்ந்த சோப்புக் கட்டியையோ சிலிக்கோன் பூச்சையோ தேய்த்துக்கொண்டால் சுலபமாக வரும். கிரீஸ் பூசாதீர்கள், மண்ணெல்லாம் ஒட்டும். பிடுங்கும்போது ஒரு கையால் இலக்கின் முகத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் தண்டை இலக்குக்கு அருகில் பிடித்து, புகுந்த கோட்டிலேயே நேராக இழுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் கார்பன் விரிசல் விடும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, அம்பு சட்டென்று விடுபட்டு வரும்.

ஒவ்வொரு முறை எடுத்ததும் முனை இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வில் திருகு தளர்ந்து முனை மட்டும் உள்ளேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கும். அடுத்த அம்பு அதன்மேல் மோதினால் தண்டு உடையும். முனையின் விட்டமும் தண்டின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். முனை பெரிதாக இருந்தால் வெளியே வரும்போது அதன் விளிம்பு துணியில் மாட்டும். பிறகு தண்டை லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தாலோ நாக்கில் கீறல் தெரிந்தாலோ அந்த அம்பை இனி எய்யாதீர்கள்.

இலக்குக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம். தவறிய அம்பு பல நூறு மீட்டர் போகும். விற்பயிற்சிக்கு விற்கும் வலை இதைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. இலக்கின் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது கூடுதலாக மேடு இருக்கட்டும், அதில் கல் இருந்தால் பொறுக்கிவிடுங்கள். பண்ணையே ஆனாலும் அந்த ஊர் நகரசபையின் விதி அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், விதிகள் ஊருக்கு ஊர் மாறும்.

உங்கள் குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நனைந்த சாக்கு உறைந்தால் பனிக்கட்டிப் பாறையாகிவிடும், அம்பு உடையும் அல்லது தெறிக்கும். மரத்தட்டின் மேல் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், டிசம்பருக்கு முன் கொட்டகைக்குள் எடுத்துவிடுங்கள். நுரையும் குளிரில் விறைக்கும், அப்போது அம்பைப் பிடுங்க இரட்டிப்புப் பலம் வேண்டும்.

பழைய சாக்கு தளர்ந்த பிறகும் அதற்கு வேலை உண்டு. நாண் ஏற்றிய குறுக்குவில்லை அம்பில்லாமல் விடுவித்தால் வில்லின் கைகள் சிதறும். பல மாடல்களில் நாணை இறக்கும் வசதியும் கிடையாது. ஒரு பழைய அம்பில் பயிற்சி முனை பொருத்தி எய்துதான் வெறுமையாக்க வேண்டும். தளர்ந்த சாக்கில் இன்னும் ஐந்தாறு கிலோ துணி குத்தித் திணித்து, மண்மேட்டோடு சாய்த்து, அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.