அம்மா படிக்காத கட்டுரை

கேள்வி: சென்னையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ‘கிரியேட்டிவ் நான்ஃபிக்‌ஷன்’ ஒரு பாடம். உண்மையில் நடந்ததைக் கதை போல எழுத வேண்டும். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா எங்களை விட்டுப் போன இரவை எழுதினேன். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் இருபது பேருக்குக் கொடுத்தேன், சிலர் அழுதுவிட்டார்கள். நினைவில்லாத இடங்களில் அம்மா பேசுவதைக் கற்பனையாக எழுதியிருக்கிறேன். பேராசிரியர் ஓர் ஆங்கில இதழுக்கு அனுப்பச் சொல்கிறார். சொந்தப் பெயரில் அனுப்புவதா, புனைபெயரிலா? அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் வீட்டில் பிரச்சினை இல்லை. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

பதில்: பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். புனைபெயர் போட்டால் நீ மறைந்துகொள்வாய். உன் அம்மா அப்படியே வெளியில் நிற்பார்.

குடும்பத்தைப் பற்றி எழுதிவிட்டுக் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து கேட்கும் மாணவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. உனக்கு அந்தப் பயம்கூட இல்லை. ‘அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடைசித் தேதிக்குத் தாவிவிட்டாய். உன் அம்மாவுக்கு முன்பின் தெரியாத இருபது பேர் அந்த இரவைப் படித்து அழுதிருக்கிறார்கள். அந்த இரவில் ஆறு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக நின்றவருக்கு இப்படி ஒரு கட்டுரை இருப்பதே தெரியாது. இதுவா பிரச்சினை இல்லாதது?

அந்த ஆங்கிலத்தை உனக்குப் படிக்கக் கொடுத்தது யார்? திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். டியூப் லைட்டுக்குக் கீழே நின்று ஒவ்வொரு பனியனாகப் புரட்டி, பிசிறு வெட்டி, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் செக்கிங். தையல் விட்ட ஒரு பீஸைப் பெட்டிக்குள் போக விடமாட்டார் உன் அம்மா. அவர் பெற்ற மகள், அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதி, சரிபார்க்காமலேயே ஊருக்கு அனுப்பப் பார்க்கிறாள்.

கற்பனையாகப் பேச வைப்பது இந்த வகை எழுத்தில் செல்லும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? படைப்பு என்பது சொல்லும் முறையில்தான். எதை முதலில் வைப்பது, எங்கே நிறுத்துவது என்பதில். நடந்ததை மாற்ற அது உரிமை தராது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃப்ரே 2003-ல் ஒரு தன்வரலாறு எழுதினார். சில மணி நேரமே காவலில் இருந்தவர், ஏறக்குறைய மூன்று மாதம் சிறையில் கிடந்ததாக அதில் எழுதியிருந்தார். 2006-ல் குட்டு வெளிப்பட்டது. வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் நிலைக்குப் பதிப்பகம் வந்தது. அவராவது தன்னைப் பற்றித்தான் பொய் சொன்னார். நீ, மறுத்துப் பேச வழியில்லாத ஒருவரின் வாயில் வசனத்தை வைத்திருக்கிறாய்.

தலித் எழுத்தாளர் பாமா 1992-ல் தன் வாழ்க்கையை ‘கருக்கு’ என்ற நூலாக வெளியிட்டபோது அவருடைய ஊரிலேயே கோபப்பட்டார்கள். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் கேட்டு, கோபப்பட்டு, முகத்துக்கு நேரே திட்டக்கூடிய மொழியில் அவர் எழுதியிருந்தார். அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உன் கட்டுரைக்கு அந்தச் சோதனையே நடக்கவில்லை.

முதலில் அந்த இருபது ஜெராக்ஸையும் திருப்பி வாங்கு. வசனங்கள் கற்பனை என்று பேராசிரியரிடம் சொல். பிறகு ஊருக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி துவைத்து, சமையல் முடித்து உட்காரும்வரை காத்திரு. கட்டுரையை முழுவதும் தமிழில் அவருக்குச் சொல். உனக்குச் சங்கடமான பத்திகளைத் தாண்டிப் போகாதே. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்து. பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். அன்று அடுப்பில் என்ன இருந்தது, வீட்டு வாடகைக்கு என்ன செய்தார், மறுநாள் வேலைக்குப் போனாரா, உன்னை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்? நீ கற்பனையில் எழுதிய எந்த வசனமும் இந்தப் பதில்களுக்கு ஈடாகாது. அவருக்கும் நினைவில்லாததை ‘நினைவில்லை’ என்றே எழுது.

ஒரு பகுதி வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடு. எழுத்தாளரின் சுதந்திரம் என்று வகுப்பில் வாதிடுவார்கள். பெற்றவளின் மானத்துக்குப் பிறகுதான் மகளின் சுதந்திரம் என்பது என் கட்சி. இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த உரிமையை அவர் போன இரவோடு இழந்துவிட்டார். ஆனால் அவரைப் பற்றியும் நடந்ததை மட்டும் எழுது.

மாதக் கடைசிக்குள் இதெல்லாம் முடியாது. இந்த இதழ் போகட்டும். அம்மா சம்மதித்த பிறகு, உன் சொந்தப் பெயரிலேயே அனுப்பு.